பாலத்துக்காரர் போட்ட கையெழுத்து

அத்தியாயம் 11

தம்பியின் வேனில் முன் இருக்கை பெரியவளுடையது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தம்பி மனைவிகூடக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை முன்னால் ஏறப் போனாள். அதற்குப் பிறகு இந்தப் பதினெட்டு வருடத்தில் ஏறியதில்லை.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வேன் வந்து வாசலில் நின்றபோது, அந்த இருக்கையில் மருந்துக்கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டும் போட்டிருந்தாள்.

பெரியவளைப் பார்த்ததும் அவள் இறங்கப் போனாள். தம்பிதான், "பரவாயில்லை, நீ உக்காரு. அக்கா பின்னாடி ஏறிக்குவா" என்றான்.

பெரியவள் ஏறிக்கொண்டாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேனின் பின்பக்கம் கம்பிச்சுருளும் கருவிப்பெட்டியும் கிரீஸ் டப்பாவுமாகக் கிடந்தது. ஒரு கையால் கைப்பையையும் இன்னொரு கையால் கருவிப்பெட்டியின் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியைவிட அந்த 'நீ'தான் அவள் தலையை அதிகமாகச் சுற்ற வைத்தது. மூன்றே வாரத்தில் தம்பி 'நீ'க்கு வந்துவிட்டான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை, இந்தக் கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அந்த வேலை போக மிச்ச நேரத்தில் ஒன்பது வருடமாக ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பாவின் அப்பா. இரும்புப் பாலங்களின் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிகளை அடித்தவர். எந்த ஊரில் பாலம் எழும்புகிறதோ அந்த ஊருக்குப் போவார். அப்பாவுக்கு நாலு வயதாக இருந்தபோது அப்படி ஒரு பாலத்துக்குப் போனவர், வரவேயில்லை. வீட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. 'பாலத்துக்காரர்' என்பார்கள், அதுவும் அப்பா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து.

ஒன்பது வருடத்தில் பதினாலு நோட்டுப் புத்தகம் நிரம்பியது. கடைசியில், வம்சாவளி தேடுகிறவர்களுக்கென்று வரும் ஒரு சிறு பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் கொடுத்தாள். அச்சகத்தில் வேலை நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதால் தம்பியின் எண்ணைக் கொடுத்திருந்தாள். செய்த தப்பு அது ஒன்றுதான். மருந்துக்கடைக்காரி கூப்பிட்டபோது எடுத்தது தம்பி. முதல் நோட்டுப் புத்தகத்தில் நாலாவது பக்கத்தைத் தாண்டாத தம்பி, ஒரு மணி நேரம் நின்றபடி பேசினானாம்.

பாலத்துக்காரர் வேறொரு ஊரில் இன்னொரு குடும்பம் நடத்தியிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் ஒரே பெண். அந்தப் பெண்ணின் மகள்தான் இந்த மருந்துக்கடைக்காரி.

வேன் பெரிய ரோட்டில் திரும்பியது. முன்னால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்காரருக்கு இடது காது கேட்காதாம். ரிவெட் அடித்து அடித்துப் போய்விட்டதாம். அதனால் பிள்ளைகள் யாராக இருந்தாலும் வலது பக்கம்தான் உட்கார வேண்டுமாம். தம்பி திரும்பிப் பார்த்து, இது தெரியுமா உனக்கு என்று சந்தோஷமாகக் கேட்டான்.

பெரியவளுக்குத் தெரியாது. அவளிடம் பாலத்துக்காரரின் வேலை அனுமதிச் சீட்டு எண் இருந்தது. மூன்று பாலங்களின் கூலிப் பட்டியலில் அவர் எத்தனையாவது வரி என்பது இருந்தது. பதினாலு நோட்டுகளில் எதிலும் காது இல்லை. மருந்துக்கடைக்காரி ஏழு வயது வரைக்கும் அவர் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இவங்க அம்மா நமக்கு அத்தைன்னா இவங்க அத்தை மகள். அத்தை மகளைப் போய் நேத்து அக்கான்னு கூப்பிட்டுட்டு இருந்தே. முறை தப்பு" என்றாள் பெரியவள் பின்னாலிருந்து.

தம்பி சிரித்தான். பிழை திருத்த வீட்டுக்குள்ளேயும் ஆள் வைத்திருக்கிறோம் என்று மருந்துக்கடைக்காரியிடம் சொன்னான். அவளும் சிரித்தாள். பெரியவள் கிரீஸ் டப்பாவைக் காலால் தள்ளி வைத்தாள்.

பதிவு அலுவலகம் சனிக்கிழமைகளில் ஒரு மணி வரைதான். மாவட்டத்து ஊர்களின் பழைய பதிவேடுகள் மாடியில், நீள அறையில் இருந்தன. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு பதிவேடு. பேனா கூடாது, பென்சில் மட்டும். அந்த அறையின் எழுத்தர் பெரியவளுக்காக ஜன்னலோர மேசையை எப்போதும் ஒதுக்கி வைப்பார். இருமலுக்கும் தும்மலுக்கும் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர். அவர் இன்று மருந்துக்கடைக்காரி என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்த அஞ்சாவது நிமிடம், தன் நெஞ்செரிச்சலைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னாள். எழுத்தர் அவளுக்குக் குஷன் வைத்த நாற்காலியை எடுத்துப் போட்டார்.

ஆறு வருடமாக இந்த அறைக்கு வருகிறாள் பெரியவள். இங்கே குஷன் நாற்காலி ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

யார் எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது என்று பிரித்துக் கொடுத்தது அவள்தான். மருந்துக்கடைக்காரிக்கு ஒரு இறப்புப் பதிவேட்டைக் கொடுத்தாள். பாலத்துக்காரர் மருந்துக்கடைக்காரியின் ஊருக்குள் கால் வைப்பதற்கு இருபது வருடம் முந்தியது. அதில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்தேதான் கொடுத்தாள். முக்கியமான பதிவேடு, கவனமாகப் பாருங்கள் என்றும் சொன்னாள். தம்பிக்கு அதன் அடுத்த பாகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருடத்துத் திருமணப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எதிர் மேசையில் இருவரும் கிசுகிசுப்பதும் அடக்கிக்கொண்டு சிரிப்பதும் கேட்டது. பழைய காலத்து நோய்ப் பெயர்களை மருந்துக்கடைக்காரி படித்துச் சொல்ல, தம்பி ரசித்துக்கொண்டிருந்தான். வீணான பதிவேட்டைக் கொடுத்தும் பெரியவளுக்கு ஒரு பலனும் இல்லை.

பதினொன்றரைக்கு அந்தப் பதிவு கிடைத்தது. அக்டோபர் மாதம், இருநூற்றுப் பதினேழாவது எண். எழுத்தர் கையால் எழுதிய சுருக்கம், யாருடைய கையெழுத்தும் இல்லை.

மணமகன், தாத்தாவின் பெயர். வயது முப்பத்தொன்று. தொழில், பால வேலை. மணமகள், வயது இருபத்திரண்டு. தொழில், தையல். நிலை, கைம்பெண். பெண் குழந்தை ஒன்று.

அந்தக் கடைசி வரியைப் பெரியவள் பென்சிலின் பின்முனையை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். அச்சுக்கு முன்னால் கடைசிப் பிரதியை அப்படித்தான் படிப்பாள். பெண் குழந்தை ஒன்று. கல்யாணத்தன்றே அந்தக் குழந்தை இருந்திருக்கிறது.

எழுந்து போய்ப் பிறப்புப் பதிவேட்டைக் கேட்டாள். மூன்று வருடம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டே வருடத்தில் கிடைத்துவிட்டது. ஐம்பத்து நாலு, பிப்ரவரி. தாயார் அதே தையல்காரி. தகப்பன், படகுத் தச்சர், வேறொரு பெயர். ஓரத்தில் சிவப்பு மையில், தகப்பன் இறந்த தேதி.

அந்த ஊரில் பால வேலை தொடங்கியதே ஐம்பத்தைந்து ஜூனில்தான்.

பெரியவள் இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதி அடிக்கோடிட்டாள். சந்தோஷம்தான், வேறென்ன. மருந்துக்கடைக்காரிக்கும் பாலத்துக்காரருக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் இல்லை. வலது பக்கம் உட்கார்ந்தவள் யாரோ ஒருத்தி. ஒன்பது வருடத்தில் பெரியவள் தாளில் எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறாள். இப்படி உள்ளுக்குள் இனித்தது எதுவும் இல்லை.

பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளத் திருமணப் பதிவேட்டை மறுபடி வாங்கிப் பிரித்தபோதுதான், மணமகன் பக்கத்தில் தான் பார்க்காமல் தாண்டிய கட்டம் கண்ணில் பட்டது. நிலை, மணமாகாதவர்.

பிறகு இரண்டு பதிவுக்கும் சான்று நகல் கேட்டுப் படிவம் எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் முத்திரை குத்திக் கொடுத்த தாள்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பன்னிரண்டரைக்கு எழுந்து வந்த தம்பி, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள்.

திரும்பும்போது மருந்துக்கடைக்காரி பிடிவாதமாகப் பின்னால் ஏறிக்கொண்டாள். பெரியவள் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். அப்போதும் தலை சுற்றியது.

மதியச் சாப்பாடு தம்பி வீட்டில். தம்பி மனைவி சமையலறைக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே, புதிதாக வந்தவளை அளந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், கணக்குத் தீர்க்க வேண்டியதைச் சிரித்துக்கொண்டே தீர்ப்பாள்.

"அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். அத்தை மகள்னா இவருக்கு முறைப்பொண்ணு ஆகுதே. நான் வேணா மீனைக் கொஞ்சம் கருக விடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள், பொறு, அந்தக் கவலை உனக்கு வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாடு பாதி நடக்கும்போது தம்பி கை கழுவிவிட்டு உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான். சுத்தியல். பாலத்துக்காரர் விட்டுவிட்டுப் போன ஒரே பொருள். அப்பா அதைச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்தார். எறியவும் மாட்டார், எடுக்கவும் மாட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது பெரியவள் அதைக் கேட்க நினைத்தாள். தம்பி கருவிகளோடு புழங்குகிறவன், அவனிடமே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

இத்தனை வருடம் நாம் வைத்திருந்தோம், அத்தையும் அவருடைய பெண்தானே, கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றான் தம்பி. அப்படியே அதை மருந்துக்கடைக்காரியின் பக்கம் நகர்த்தினான். பெரியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அதை எடுக்காதீங்க" என்றாள் பெரியவள்.

தாள்களைப் பிரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அச்சகத்தில் இன்னொருவர் மூலப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் உரக்கப் படிப்பது வழக்கம். அதே குரலில் படித்தாள். பதிவு எண், தேதி, மணமகன் பெயர், வயது, தொழில். மணமகள் பெயர், வயது, தொழில், நிலை. பெண் குழந்தை ஒன்று. பிறகு இரண்டாவது தாள். தாயார், தகப்பன், சிவப்பு மைக் குறிப்பு.

"உங்க அம்மா பொறந்தது பாலம் தொடங்கறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முந்தி. தகப்பன் பேர் இருக்கற கட்டத்துல வேற ஆள் இருக்கார். எங்க தாத்தாவுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

தம்பி மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். மருந்துக்கடைக்காரி மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அதிர்ச்சி இல்லை.

"தெரியும்க்கா" என்றாள். "அம்மாவுக்கும் தெரியும். எங்க வீட்டுல அது எப்பவுமே ரகசியம் இல்லை."

"தெரிஞ்சுமா பேத்தின்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அதை உங்ககிட்ட விளக்கணும்னு எனக்குத் தோணலை. விளக்கியிருக்கணும். அது என் தப்புதான்."

தம்பி இதற்குள் திருமணத் தாளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் மெதுவாகப் படிப்பவன். மணமகன் பக்கத்தில் அவன் விரல் நின்றது.

"இதுல மணமாகாதவர்னு போட்டிருக்கு" என்றான். "நீ இதைப் படிக்கலையே அக்கா."

பெரியவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"ஒரு கால்புள்ளி விட்டுப்போனாக்கூடத் தூங்கமாட்டே. இந்த வரியை மட்டும் விட்டுட்டே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். தம்பி மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். அவள் கண்ணில் இரக்கம் இருந்தது. பெரியவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மருந்துக்கடைக்காரி தன் பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தாள். இதைக் கொடுக்கத்தான் வந்தேன், நோட்டுப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன், அதற்குள் இப்படி ஆகிவிட்டது என்றாள். உள்ளே அவள் அம்மாவின் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள் இருந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. ஒவ்வொன்றிலும் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் பாலத்துக்காரரின் பெயர். சுத்தியல் பிடித்த கை போட்டது, அழுத்தி, தாளின் மறுபக்கம் புடைக்கும்படி. கணக்கில் முப்பது மதிப்பெண் வாங்கிய அட்டையில்கூடத் தயங்காமல் போட்டிருந்தார்.

ஒன்பது வருடத்தில் பெரியவள் பார்த்த தாத்தாவின் முதல் கையெழுத்து அது.

அவள் தேடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே அப்பாவின் பிறப்புப் பதிவைக் கண்டுபிடித்திருந்தாள். அதில் தகப்பன் கையெழுத்துக்கான இடத்தில் 'ஊரில் இல்லை' என்று யாரோ எழுத்தர் எழுதியிருந்தார். பக்கத்தில் தாயாரின் பெருவிரல் ரேகை. வேலைக்குப் போயிருப்பார், பாலத்தை விட்டு வர முடிந்திருக்காது என்று அன்றைக்கே ஒரு சமாதானம் எழுதிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தின் மேல்தான் மீதி நோட்டுகள் எல்லாம் நின்றன.

"பெத்த பிள்ளைக்கு ஒரு கையெழுத்து போட நேரமில்லை" என்றாள் பெரியவள். குரல் அவளுடையது போலவே இல்லை. "யாரோ பெத்த பொண்ணோட கணக்குப் பரீட்சைக்கு உக்காந்து உக்காந்து போட்டிருக்கார்."

காலையிலிருந்து அவள் வயிறெரிந்தது மருந்துக்கடைக்காரியைப் பார்த்து. இப்போது பார்த்தால், அது அறுபது வருடத்துக்கு முந்தி கணக்கில் முப்பது வாங்கிய ஒரு சிறுமியின் மேல் போய் நின்றிருந்தது. அந்தச் சிறுமி அட்டையை நீட்டியிருப்பாள். வலது பக்கமாகத்தான் வந்து நீட்டியிருப்பாள். அதே வயதில் அப்பா யாரிடம் நீட்டினார் என்று பெரியவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போது மேசையில் இருந்த மருந்துக்கடைக்காரியின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

அம்மா, என்றாள் அவள். மதிய மாத்திரை போட்டதும் தினமும் கூப்பிடுவாள். இன்றைக்கு எதற்குக் கூப்பிடுகிறாள் என்பதும் தெரியும். பாலத்துக்காரர் சாகும் முன்னால் அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாராம், உனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று. ஊர் சொல்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. நாற்பது வருடமாக அம்மா அந்த அண்ணனை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா போயிட்டார்னு நான் இன்னும் சொல்லலை" என்றாள் தம்பியைப் பார்த்து. "விளம்பரத்தைப் பார்த்து உங்ககிட்ட பேசின அன்னைக்கு, அண்ணன் வீட்டுக்காரங்கன்னு மட்டும் சொன்னேன். அம்மா முகத்தைப் பார்த்துட்டு மீதியைச் சொல்ல வாய் வரலை. இன்னைக்கு அண்ணன்கிட்ட பேசலாம்னு உக்காந்திருக்காங்க."

தம்பி போனை நோக்கிக் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியிலேயே நின்றது. அவனுக்கு இதெல்லாம் வராது. அப்பா போன அன்று உறவுக்காரர்களுக்குச் சொன்னதுகூடப் பெரியவள்தான்.

மூன்றாவது முறை அடித்தபோது போனைப் பெரியவள் எடுத்துவிட்டாள். மருந்துக்கடைக்காரி பாதி எழுந்து, அக்கா, வேண்டாம் என்றாள். பெரியவள் அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுபக்கத்துக் குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மகள் என்று நினைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்தியா, சாப்பிட்டாரா, எப்படி இருக்கார், என் ஜாடை கொஞ்சமாவது இருக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அது எப்படி இருக்கும் என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டது.

அப்பாவின் வாழ்நாளில் ஒருவரும் அவரை அப்படி விசாரித்துப் பெரியவள் கேட்டதில்லை.

"நான் அவர் மூத்த பொண்ணு பேசறேன்" என்றாள்.

மறுபக்கத்தில் சிரிப்பு நின்றது. பிறகு அந்தக் குரல், அண்ணன் பக்கத்தில் இருக்காராம்மா, ஒரு நிமிஷம் கொடுக்கறியா என்றது.

மேசையைச் சுற்றி மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரி அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் கையெழுத்து வாங்கிய சிறுமிக்கு எவ்வளவு வலிக்கும் என்றும் தெரிந்தது. வலிக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னதும் நிஜம்.

"இப்ப இங்க இல்லை அத்தை" என்றாள்.

அத்தை என்ற சொல் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

எப்போது வருவார் என்று கேட்டது குரல்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் அங்க வரேன். எல்லாத்தையும் நேர்ல சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த தாளையும் மதிப்பெண் அட்டைகளையும் ஒன்றாக அடுக்கினாள். தான் வண்டி எடுக்கட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், ரயிலில் தனியாகப் போகிறேன் என்றாள்.

மருந்துக்கடைக்காரிதான் கேட்டாள், பயந்த குரலில்.

"அம்மாகிட்ட எதைச் சொல்லப் போறீங்க அக்கா?"

பெரியவள் பாதி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில ரயில் ஏறறதுக்குள்ள எனக்கே தெரிஞ்சா நல்லது" என்றாள்.